பனிக்குழிகளுக்குப் பக்கத்தில் ஒரு கோடைக் கோயில்

அந்தக் கோயிலை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதன் கதவுக்கு அண்டை கொடுத்திருந்த கல்தான். ஆட்டுக்குட்டியின் தலையளவு இருக்கும், பாசி பிடித்த சாம்பல் நிறக் கல். ஓகஸ்ட் மாதம், மத்தியானம் திரும்பிய நேரம். கீழே, சிசிலியின் பலேர்மோ நகரத்தில், தெருத் தார் உருகிக்கொண்டிருந்தது. மேலே நான் சிஞ்ஞோராவின் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன். பீச் என்ற உயரமான காட்டு மரங்களுக்கு நடுவிலிருந்து மூடுபனி இறங்கி வந்தது. அந்தக் கல்லைத் தாண்டி, திறந்திருந்த கதவால் நுழைந்து, சபையார் இருக்கும் மர வாங்குகளுக்கிடையில் மெல்லப் பரவியது. நேரம் பிந்தி வந்தவர்கள் சத்தம் போடாமல் இடம் தேடி இருப்பதுபோல எனக்குப் பட்டது. குளிர் உள்ளே வருகிறதே என்று கல்லைத் தள்ளிக் கதவைச் சாத்தக் குனிந்தேன். முன்னாலிருந்து சிஞ்ஞோரா சத்தம் போட்டார்: "விடும்! அதிலை கை வைக்காதையும்!" அதுவரை அவர் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை.

நான் வன்னியிலிருந்து வந்தவள். போர் முடிந்து, முகாமிலிருந்து எங்களை வெளியே விட்ட பிறகு, முன்பே பலேர்மோவுக்கு வந்துவிட்ட என் கணவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். அவருக்குக் கடலோர ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் வேலை. எனக்கு, வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், உயர்ந்த கூரையும் ஓடாத லிஃப்டும் உள்ள பழைய வீடொன்றில் தனியாக இருந்த ஒரு வயதான பெண்ணைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவரைத்தான் சிஞ்ஞோரா, அதாவது அம்மணி, என்கிறேன். கடைசிவரை வேறு எப்படியும் நான் அவரைக் கூப்பிட்டதில்லை. அவருடைய முன்னோர்கள் வைனும் எலுமிச்சம்பழமும் ஏற்றி அனுப்ப இங்கிலாந்திலிருந்து வந்த வியாபாரிகள். அவரோ இங்கிலாந்தில் ஒரு மாதம்கூட வாழ்ந்ததில்லை. சந்தையில் மீன்காரனோடு சிசிலியத்தில் சண்டை பிடிப்பார். என்னோடு நிதானமான இத்தாலியனில் கதைப்பார். அவர் ஆங்கிலம் கதைத்தது கடவுளோடு மட்டும்தான். நாங்கள் இருவரும் இத்தாலியனில் கதைத்ததையெல்லாம் இங்கே என் வாய்த்தமிழில்தான் எழுதுகிறேன். வேறு விதமாக அவருடைய குரல் எனக்குள் கேட்பதில்லை.

கோயில் மதோனியே மலையில் இருந்தது. ஊர் முடிந்து, தார் வீதி முடிந்து, ஆட்டுப் பாதையில் கொஞ்சத் தூரம் ஏற வேண்டும். கோடையில் பலேர்மோவின் வெக்கை தாங்காத ஆங்கிலக் குடும்பங்கள் அங்கே வீடு கட்டினார்கள். வீடு கட்டியவர்களுக்கு ஞாயிறு வந்ததும் பிரார்த்தனைக்கு இடம் தேவைப்பட்டது. ஊர்க் கோயில் கத்தோலிக்கருடையது, இவர்கள் இங்கிலாந்தின் அங்கிலிக்கன் சபையார். ஆகவே, பனி வியாபாரி ஒருவரிடம் காணித் துண்டொன்றை வாங்கி, அந்த மலையின் கல்லிலேயே ஒரு சிறு தேவாலயம் கட்டினார்கள். அக்காலத்தில் அந்த மலையில் பனிதான் பெரிய வியாபாரம். மாரிக் குளிர்காலத்தில் விழும் பனியை ஆழமான குழிகளில் போட்டு மிதித்து இறுக்கி, பீச் இலைகளால் மூடி வைப்பார்களாம். கோடை வந்ததும் அதை வெட்டியெடுத்துக் கோவேறு கழுதைகளில் பலேர்மோவுக்கு இறக்குவார்கள், பணக்காரர்களின் சர்பத்துக்காக. கோயிலைச் சுற்றி அப்படிப் பல குழிகள் இருந்தன. கைவிடப்பட்டு, இலை மூடி, எது தரை எது குழி என்று தெரியாமல் கிடந்தன. நான் அங்கே போன முதல் நாளே சிஞ்ஞோரா சொன்ன புத்திமதி, பாதையை விட்டு இறங்காதே என்பதுதான்.

உள்ளே ஒரு முப்பது பேர் நெருங்கி இருக்கலாம். சிலை இல்லை, மாலை இல்லை, விளக்கு இல்லை. நான் சைவக்காரி. கடவுள் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். சிஞ்ஞோரா சிரித்துவிட்டு, ஓகஸ்டில் மட்டும் வருவார் என்றார். ஓகஸ்டில் சில ஞாயிறுகள் தவிர மீதி வருடம் முழுக்க அது பூட்டித்தான் கிடக்கும். அதனால் ஊரார் அதற்கு 'பூட்டின கோயில்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் என்ற அந்தப் பெரிய போர் வந்தபோது இத்தாலிக்கு ஆங்கிலேயர்கள் எதிரிகளாகிவிட்டார்கள். குடும்பங்கள் சிதறின. கோயிலுக்குள் ஒரு மேய்ப்பர் தன் ஆடுகளை அடைத்தார். மணியை ஆயுதத்துக்காக உருக்கக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்து, அதைக் கழற்றி ஒரு பனிக்குழியில் இலைகளுக்கடியில் ஒளித்து வைத்தவரும் அவரே. நான் போன காலத்தில் அவருடைய மகன் கிழவராகி, கோயில் திறப்பை, அந்தப் பெரிய சாவியை, இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் திறப்புக்காரர்தான். கத்தோலிக்கர். ஆனால் சிஞ்ஞோரா தனியாகப் பிரார்த்தனை செய்வது மரியாதையில்லை என்று வந்து ஓர் ஓரத்தில் இருப்பார்.

அந்த முதல் ஞாயிறு நாங்கள் மூன்று பேர் மட்டும்தான் இருந்தோம். பாதிரியார் யாரும் வரவில்லை. சிஞ்ஞோராவே புத்தகத்தை விரித்து வாசித்தார். ஒரு வரி வாசிப்பார், பிறகு சபை பதில் சொல்வதற்காக நிறுத்துவார். எனக்கு அந்தப் பதில் தெரியாது. அவர் பக்கத்தில் சும்மா நின்றேன். ஆனால் அவர் நிறுத்திய ஒவ்வொரு முறையும் எனக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. பலர் ஒன்றாகத் தாழ்ந்த குரலில் சொல்வதுபோல. சொல் பிடிபடவில்லை, ஆனால் சொல்லும் தாளம் இருந்தது. காற்று என்று நினைத்துக் கதவுப் பக்கம் பார்க்கப்போனேன். சிஞ்ஞோரா வாசித்துக்கொண்டே கையை நீட்டி என் முகத்தை முன்பக்கம் திருப்பினார். பிரார்த்தனை முடிந்து வெளியே வந்ததும் திறப்புக்காரரிடம் கேட்டேன்.

"நீங்களோ பதில் சொன்னனீங்கள்?"

"எனக்கு இங்கிலிசு தெரியாது, பிள்ளை" என்றார் அவர். "நான், நீர்தான் சொல்லுறீர் எண்டு நினைச்சன்."

பிறகு அவர் திறப்பைப் பூட்டுக்குள் விட்டுத் திருகினார். அதைப்பற்றி நாங்கள் மறுபடி கதைக்கவில்லை. மலையில் வாழ்கிறவர்களுக்குச் சில விஷயங்களைக் கதைக்காமல் விடத் தெரியும் என்று பிறகு விளங்கிக்கொண்டேன். எங்கள் ஊரிலும் அப்படித்தான், போருக்குப் பிறகு.

பிரார்த்தனை நேரத்தில் கதவு ஏன் சாத்தப்படுவதில்லை என்பதைச் சிஞ்ஞோரா அடுத்த கோடையில்தான் சொன்னார். அவருடைய குடும்பத்து மலை வீட்டின் குசினியில் போஞ்சிக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். பெரிய போர் முடிந்து, சிதறிய குடும்பங்களில் சில திரும்பி வந்த முதல் கோடையில் நடந்ததாம் அது. ஆட்டுப் புழுக்கையைக் கழுவித் துடைத்து, மணியைத் தோண்டியெடுத்துக் கட்டி, மறுபடி பிரார்த்தனை தொடங்கியிருந்தார்கள். சிஞ்ஞோரா அப்போது சிறுமி. அவருடைய அக்காவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த வயது. பிரார்த்தனையின் நடுவில் அக்கா எழுந்து வெளியே போனாள். சப்பாத்துச் சத்தம் வாங்குகளுக்கு நடுவிலுள்ள நடைபாதையால் போனதும், கதவு திறந்து சாத்துப்பட்டதும் எல்லோருக்கும் கேட்டது. ஆனால் கோயிலில் திரும்பிப் பார்ப்பது அழகில்லை என்று வளர்க்கப்பட்ட ஆட்கள் அவர்கள். ஒருவரும் திரும்பவில்லை. பிரார்த்தனை முடிந்து வெளியே வந்தபோது மூடுபனிதான் நின்றது. ஊர் முழுக்க நாய்களோடு தேடியது. குழி குழியாக இறங்கிப் பார்த்தார்கள். ஒரு சப்பாத்துக்கூடக் கிடைக்கவில்லை.

"அதுக்குப் பிறகு அம்மா பிரார்த்தனை நேரம் கதவைச் சாத்த விடேல்லை" என்றார் சிஞ்ஞோரா. "அவள் திரும்பி வந்து, கதவு சாத்தியிருக்கிறதைப் பாத்து, நாங்கள் கோவிச்சுக்கொண்டம் எண்டு நினைக்கக்கூடாதெல்லோ."

அந்தத் தாய் இன்னொன்றும் செய்தார். அவர்களுடைய பிரார்த்தனையில் நிலத்திலும் நீரிலும் பயணம் செய்கிறவர்களைக் காக்கும்படி கேட்கும் இடம் ஒன்று உண்டு. இறந்தவர்களை நினைக்கும் இடம் வேறு. மகளின் பெயரை அந்தத் தாய் இறந்தவர்களோடு வாசிக்க விடவில்லை. பயணம் போனவர்களோடு வாசிக்கச் சொன்னார். தாய் போன பிறகு தகப்பன் வாசித்தார், தகப்பன் போன பிறகு சிஞ்ஞோரா வாசித்தார். மற்றக் குடும்பங்கள் ஒவ்வொன்றாய்க் குறைந்து, வீடுகளை விற்று, கடைசியில் அந்தக் கோயிலுக்கென்று மிஞ்சியது இந்த ஒரு பெயரும் அதை வாசிக்க ஒரு வாயும்தான்.

போஞ்சித் தோலைக் கூட்டி அள்ளும்போது சிஞ்ஞோரா என்னைப் பார்க்காமலே கேட்டார்: "உமக்கு ஆர்?"

எனக்கு விளங்கவில்லை என்றேன்.

"நித்திரையிலை ஆரையோ கூப்பிடுறீர். எனக்கு உங்கட பாஷை தெரியாது. கூப்பிடுறது தெரியும்."

அதுவரை அந்த வீட்டில் நான் சொல்லாததைச் சொன்னேன். என் தம்பி. போரின் கடைசி நாட்களில், கடற்கரையோரம் ஒரு பங்கருக்குள் நாங்கள் குந்தியிருந்தபோது, "தண்ணி எடுத்துக்கொண்டு இந்தா வாறன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனவன். அம்மா மண் விழாமல் சோற்றுப் பானையை மூடிக்கொண்டிருந்தார். நான் பிய்ந்த பையொன்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாறன் என்று சொல்லிவிட்டுப் போகிறவனை எதற்காகப் பார்க்க வேண்டும்? அவ்வளவுதான். பிறகு எந்த முகாமிலும் எந்த ஆஸ்பத்திரியிலும் அவன் இல்லை.

சிஞ்ஞோரா தம்பியின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பழகினார். நாக்குப் புரளவில்லை, ஆனாலும் விடவில்லை. அந்த ஞாயிறு திறப்புக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். திறப்பை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். நானும் சிஞ்ஞோராவும்தான். கதவுக்கு நானே கல்லை வைத்தேன். மூடுபனி அன்றைக்கு வாசலில் சுவர்போல நின்றது. பயணம் போனவர்களின் இடம் வந்ததும் சிஞ்ஞோரா முதலில் அக்காவின் பெயரை வாசித்தார். பிறகு தம்பியின் பெயரை, ஒவ்வொரு எழுத்தாய், ஒரு குழந்தையைப் படியிறக்குவதுபோலச் சொன்னார்.

வாசலில் காலடி கேட்டது. தயங்கி நின்று, பிறகு கல் தரையில் ஈரப் பாதம் ஒட்டி ஒட்டி எழும்பும் சத்தத்தோடு உள்ளே வந்தது. கடைசி வாங்கு கிறீச்சிட்டது. ஓர் ஆள் பாரம் இறங்கியதுபோல. திரும்ப வேண்டும்போலவும், திரும்பினால் எதுவோ கெட்டுவிடும்போலவும் இருந்தது. சிஞ்ஞோராவின் குரல் ஒரு கணம் தடுமாறியது. ஆனால் நிற்கவில்லை. கடைசி வரிவரை வாசித்துப் புத்தகத்தை மூடினார். மூடிய பிறகும் திரும்பாமல், முன்சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:

"ஆணோ, பெண்ணோ?"

திரும்பினேன். வாங்கு வெறுமையாக இருந்தது. "ஒருத்தரும் இல்லை, சிஞ்ஞோரா."

"ஒருத்தரும் இல்லையெண்டு எனக்குத் தெரியும். ஆணோ பெண்ணோ எண்டுதான் கேட்டனான்."

ஒவ்வொரு வாங்கின் முன்னாலும் முழந்தாளிடுவதற்கென்று ஒரு சிறு மெத்தை கொக்கியில் தொங்கும். கடைசி வாங்கின் மெத்தை தரையில் கிடந்தது. அதன் நடுவில் அகன்ற முழங்கால் பதிந்ததுபோல ஒரு பள்ளம். நான் பார்த்துக்கொண்டிருக்கவே அந்தப் பள்ளம் மெல்ல மெல்ல மேலெழும்பிச் சமமானது.

"ஆண்... போலக் கிடக்கு" என்றேன்.

சிஞ்ஞோராவின் தோள்கள் சற்றே இறங்கின. எத்தனையோ கோடையாய் அவர் காத்திருந்தது வேறொருத்திக்காக. ஆனாலும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் ஊருக்குப் போன் எடுத்து அம்மாவோடு கதைத்தேன். சொல்வதா விடுவதா என்று யோசித்துச் சொல்லிவிட்டேன். அங்கே உறவுக்காரர், இறந்தவர்களுக்குரிய அந்தியேட்டிச் சடங்கைச் செய்து முடித்துவிடுங்கள், ஆத்மா அலையக் கூடாது என்று அம்மாவை நெருக்கிக்கொண்டிருந்த காலம். அம்மா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"காலிலை செருப்புச் சத்தம் கேட்டதோ?"

"இல்லை அம்மா. வெறுங்கால் மாதிரித்தான்."

"அப்ப அவன்தான்" என்றார் அம்மா. "அவன்ர செருப்பு என்னட்டையெல்லோ கிடக்கு."

அந்தியேட்டி செய்யவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓகஸ்டிலும் அம்மா, சுகம் கேட்பதுபோல, "வந்தவனோ?" என்று கேட்பார். சில வருடம் ஓம் என்பேன். காலடி கேட்காத வருடங்களில் இல்லை என்பேன். பொய் சொன்னதில்லை.

சிஞ்ஞோராவின் கடைசிக் கோடைக்கு முந்தைய மாரியில் மலையில் பனி சரியாக விழவில்லை. கோடையில் மழையும் இல்லை. நிலம் வெடித்து, பழைய குழியொன்றின் கரை இடிந்தது. கோயிலைச் சுற்றிய குழிகளில் ஒன்றல்ல அது. மலையின் மறுபக்கத்தில், ஒருவரும் தேடிப்போகாத உயரத்தில் இருந்த குழி. காணாமல்போன ஆட்டைத் தேடிப்போன திறப்புக்காரர்தான் கண்டார். எலும்புகளும், பெண்களின் சப்பாத்து ஒன்றும், உடுப்பில் குத்தும் வெள்ளி ஊசி ஒன்றும். அந்த ஊசியின் சோடி சிஞ்ஞோராவிடம் இருந்தது. மூடுபனிக்குள் வீட்டுக்கு இறங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் மலையில் ஏறியிருக்கிறாள். பலேர்மோவின் பழைய ஆங்கிலேயக் கல்லறைத் தோட்டத்தில், தாய்க்குப் பக்கத்தில் அவளை அடக்கம் செய்தோம். சிஞ்ஞோரா அழுததை நான் காணவில்லை. வீடு திரும்பும்போது சொன்னார்: "கிடைச்சால் மனம் ஆறும் எண்டு நினைச்சிருந்தன். இப்ப எனக்குச் செய்யிறதுக்கு ஒண்டும் இல்லாமப் போச்சு. அவ்வளவுதான்."

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனோம். வாசலில் நின்று அவர் கல்லை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "தள்ளிவிடும்" என்றார். நான் கல்லைத் தள்ளினேன். அத்தனை வருடம் பிரார்த்தனை நேரமெல்லாம் திறந்தே நின்ற கதவு முனகிக்கொண்டு சாத்துப்பட்டது. உள்ளே முதல்முறையாகக் குளிர் குறைந்தது. எங்கள் மூச்சு எங்களுக்கே கேட்டது. வாசித்தார். அக்காவின் பெயரை இறந்தவர்களோடு சொன்னார், குரல் உடையாமல். பிறகு பயணம் போனவர்களின் இடம் வந்தது. வாயைத் திறந்தார். அவர் சொல்லுமுன் கதவில் தட்டுக் கேட்டது.

பலமாக அல்ல. வீட்டுக்குள் ஆட்கள் நித்திரையாக இருப்பார்கள் என்று நினைப்பவன் தட்டுவதுபோல. திறப்புக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். சிஞ்ஞோரா புத்தகத்தை மடியில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"அது என்ர அக்கா இல்லை" என்றார். "அவளை நாங்கள் படுக்க வைச்சிட்டம். போய்த் திறவும்."

அந்த நடைபாதை எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கதவின் இரும்புப் பிடி பனிக்கட்டிபோல இருந்தது. இழுத்தேன். வெளியே வெறும் மூடுபனி. மரங்களும் இல்லை, பாதையும் இல்லை. பங்கர் வாசலில் அன்றைக்கு எழும்பியிருந்த புழுதியும் இதே நிறம்தான். அந்தக் கோயிலுக்குள் ஒருநாளும் நான் தமிழ் கதைத்ததில்லை.

"வா தம்பி" என்றேன். "உள்ளுக்கை வா. குளிருது."

என் கன்னத்தை உரசிக்கொண்டு ஒரு குளிர் போனது. எனக்குப் பின்னால் வாங்கு கிறீச்சிட்டது. சிஞ்ஞோரா விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, பிரார்த்தனை முடியும்வரை வெளியே பார்த்தபடி நின்றேன். முதுகில் ஒரு பார்வை படுவதை உணர்ந்தேன். பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயம் தீர்ந்துவிட வேண்டும் என்று நான் விரும்பவில்லை.

அந்த மாரியில், சந்து வீட்டில், பகல் வெளிச்சத்தில் சிஞ்ஞோரா போனார். கடைசி நாட்களில் ஆங்கிலமும் சிசிலியமும் கலந்து கதைத்தார். ஒருநாள் தெளிவான இத்தாலியனில், "கதவைப் பாத்துக்கொள்ளும்" என்றார். கோயிலைச் சபைக்கு எழுதிவைத்திருந்தார். நகரத்திலிருந்து வந்த இளம் பாதிரியார், சனமே இல்லாத இடத்தை எதற்காகத் திறப்பது, நிரந்தரமாகப் பூட்டிவிடலாம் என்று நினைத்தார். அவர்மேல் குற்றமில்லை. சனம் இருந்தால் வருவீர்களா என்று கேட்டேன். வருவேன் என்றார்.

பலேர்மோவில் எங்கள் சனத்துக்குக் குறைவில்லை. ஞாயிறு விடிய நகரத்தின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக்கு நடந்து ஏறுகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள், அதிலும் முக்கால்வாசி சைவக்காரர். நடந்துகொண்டே ஒவ்வொருவரிடமாகச் சொன்னேன். பேயைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அங்கே ஒரு கோயில் இருக்கிறது, காணாமல்போனவர்களை இறந்தவர்களோடு சேர்க்காமல், பயணம் போனவர்களோடு நினைக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். முதல் கோடையில் ஒரு வான் நிறைய வந்தார்கள். இப்போது பஸ் பிடிக்கிறோம். பாதிரியார் அந்த இடம் வந்ததும் நிறுத்திவிடுவார். ஒவ்வொருவராய் எழுந்து, காணாமல்போன தங்கள் ஆட்களின் பெயரைச் சொல்வார்கள். மகன், கணவன், இரண்டு பெட்டைப் பிள்ளைகள், ஒரு வீட்டில் எல்லோரும். கதவு திறந்தே நிற்கும். முப்பது பேர் இருக்கும் கோயிலில் நாற்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு முன்பக்கமே இருப்பார்கள். அப்படி இருக்கும்படி நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

போன ஓகஸ்டில் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்து கொஞ்ச நாளேயான ஒரு பெண் வந்திருந்தாள். கைக்குழந்தை. ஏறிய களைப்பில் கடைசி வாங்கில் இருக்கப் போனாள். துறைமுகத்தில் துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர் ஓடிப்போய் அவளுடைய முழங்கையைப் பிடித்தார்.

"அதிலை இருக்காதேங்கோ, பிள்ளை. ஆக்கள் வருவினம்."

அந்தப் பெண் வெறும் வாங்கையும் கதவுக்கு வெளியே நின்ற மூடுபனியையும் பார்த்தாள். முன்னால் வந்து என் பக்கத்தில் ஒடுங்கி இருந்தாள். பாதிரியார் வாசிக்கத் தொடங்கிய பிறகுதான், குழந்தையின் தலைக்கு மேலாகக் குனிந்து, என் காதுக்குள் கேட்டாள்.

"அப்ப எங்கட அப்பாவும் வருவாரா, அக்கா?"

எனக்குத் தெரியாது. சில வருடம் வருகிறார்கள், சில வருடம் வருவதில்லை. குழந்தையை அவளிடமிருந்து வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"பேரைச் சொல்லும்" என்றேன். "வெளியிலை கேக்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாய்ச் சொல்லும்."